ஒற்றைப்படைப் பக்கம்

ஓரகத்திகள் என்றாலே ஊர் ஒன்றை எதிர்பார்க்கிறது. ஒருத்தி பாத்திரத்தை நங்கென்று வைக்க வேண்டும், இன்னொருத்தி கதவைப் படாரென்று சாத்த வேண்டும். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்த நாங்கள் இருவரும் அந்த எதிர்பார்ப்பைப் பாழாக்கினோம். அண்ணனும் தம்பியும் ஒரு தண்ணீர்த் தொட்டி விஷயமாக எட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். அந்த எட்டு மாதமும் அக்காவும் நானும் ஒரே அடுப்பில்தான் சமைத்தோம். யார் கைச் சமையல் என்று தெரியாமலே இரண்டு ரோஷக்காரர்களும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள்.

அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் மனைவியை. கூடப் பிறந்த அக்கா எனக்கு இல்லை. இருந்திருந்தாலும் ஒரு கஷ்டம் என்றால் இவளிடம்தான் போய் நின்றிருப்பேன். இது அவளைப் பற்றி எழுதுவது. நடுவில் நானும் வருவேன். வராமல் இருந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அக்கா தபால் கொடுப்பவள். இருபத்தைந்து வயதில் அந்தப் பையைத் தோளில் மாட்டியவள். ஆள் குள்ளம், நடை மட்டும் நெட்டையானவர்களுடையது. ஆறு வருடம் கழித்து என்னையும் இழுத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் நிறுத்தினாள். "வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்துட்டிருக்கா சார். நல்லா நடப்பா, நாய்க்குப் பயப்பட மாட்டா," என்று மேற்பார்வையாளரிடம் சிபாரிசு செய்தாள். நாயைக் கண்டால் எனக்கு உயிரே போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

எங்களுக்குக் கிடைத்தது அகலமான சாலைகள். அங்கே வீட்டு எண்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடும். இடது பக்கம் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை. வலது பக்கம் இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படை. நடுவில் லாரியும் பேருந்தும் பறக்கும். ஒரே ஆள் இரண்டு பக்கமும் கொடுப்பதென்றால் நாளுக்கு நூறு தடவை சாலையைக் கடந்து நூற்றொன்றாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். அதனால் ஒரு பக்கம் ஒருத்தி, மறுபக்கம் இன்னொருத்தி. ஒற்றைப்படைப் பக்கம் மேட்டில் இருந்தது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழெட்டுப் படி. இரட்டைப்படைப் பக்கம் சமதளம். நான் அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். "படி ஏறாதே," என்று சொல்லி மேட்டை அவள் எடுத்துக்கொண்டாள். பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும் அந்தப் பங்கீடு மாறவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் அவளுக்கு ஒத்தை என்று பெயர், எனக்கு ரெட்டை. சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள்: "ஏய் ரெட்டை, நாப்பத்திரண்டுல நாயை அவுத்து விட்டிருக்கான், கேட்டுக்கு வெளியவே போட்டுட்டு வா." அவள் பக்கத்து வேலையைப் பார்த்துக்கொண்டே என் பக்கத்து நாயையும் பார்ப்பாள். பதின்மூன்று வருடம் இப்படியே எதிரெதிராக நடந்தோம்.

நாற்பத்தொரு வயதில் அக்காவின் வலது முட்டி தேய ஆரம்பித்தது. முதலில் படி இறங்கும்போது மட்டும் வலி. பிறகு ஏறும்போதும். அப்புறம் உட்கார்ந்து எழுந்தால் 'டக்' என்று ஒரு சத்தம், நாங்கள் கீழ்வீட்டில் இருந்தால் மாடியில் அவள் எழுந்தது கேட்கும். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மழுப்பாமல் சொன்னார்: "இந்த முட்டி இனிமே நடக்கறதுக்கு இல்லம்மா. உக்காந்து பாக்கற வேலையா மாத்திக்கங்க. இல்லைன்னா அஞ்சாறு வருஷத்துல நடையே நின்னுடும்."

உட்கார்ந்து பார்க்கும் வேலை எங்கள் அலுவலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பிரிப்பு மேசை. வந்து குவியும் கடிதங்களைத் தெருவாரியாக, எண்வாரியாகப் பிரித்துக் கட்டுப்போட்டுக் கொடுப்பது. அதற்கு ஒரு துறைத்தேர்வு எழுத வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்குள் எழுத வேண்டும். தேர்வு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும். அக்காவுக்கு அப்போது நாற்பத்து நான்கு. இதை விட்டால் கிடையாது.

"தனியாப் போய் உக்காந்து எழுத வெக்கமா இருக்குடி, நீயும் வா," என்றாள். எனக்கு அந்த வேலை மேல் ஆசையே இல்லை. துணைக்குத்தான் விண்ணப்பம் போட்டேன். இரண்டு விண்ணப்பத்தையும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். "சின்னவளோடது முதல்ல இருக்கட்டும்," என்று என்னுடையதை மேலே வைத்தாளாம். அதனால் எனக்கு வந்த எண் 318, அவளுக்கு 319.

சுற்று முடிந்து இரண்டு மணிக்கு வீடு வருவோம். பிள்ளைகள் வரும்வரை, மூன்றிலிருந்து நாலரை மணிவரை, சாப்பாட்டு மேசையில் படிப்பு. அட்டை கிழிந்த ஒரு வழிகாட்டிப் புத்தகம். தபால் விதிகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மொழிப் பகுதியும் பரவாயில்லை. கணக்கு வந்ததும் இருவருக்கும் முழி பிதுங்கியது. பத்தாம் வகுப்போடு விட்ட அல்ஜீப்ரா, இருபத்தைந்து வருடம் கழித்து வட்டியோடு திரும்பி வந்து நின்றது.

அக்காவுக்குக் கணக்கைவிடக் கணக்கில் வரும் ஆட்கள் மேல்தான் கோபம். தந்தையின் வயது மகனின் வயதைப் போல மூன்று மடங்கு என்று இருந்தால், "பெத்த பிள்ளையோட வயசு தெரியாத அப்பனுக்கெல்லாம் நாம எதுக்குடி உதவி பண்ணணும்?" என்பாள். அடுத்தடுத்த மூன்று முழு எண்களின் கூடுதல் 72, அந்த எண்களைக் காண்க என்று ஒரு கணக்கு. அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள். "மூணு எண்ணையும் தொலைச்சுட்டு கூடுதலை மட்டும் பத்திரமா வெச்சிருக்கான் பாரு, எமகாதகன்."

புத்தகத்தில் முதல் எண்ணை எக்ஸ் என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அடுத்தது எக்ஸ் கூட்டல் ஒன்று, அதற்கடுத்தது எக்ஸ் கூட்டல் இரண்டு. மூன்றையும் கூட்டினால் மூன்று எக்ஸ் கூட்டல் மூன்று. அக்காவுக்கு எக்ஸ் பிடிக்கவில்லை. "யாருன்னே தெரியாதவனை வீட்டுக்குள்ள விடச் சொல்றான்," என்று புத்தகத்தை மூடினாள். இரண்டு நாள் கழித்து, காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். ஒரு தாளில் சின்னதாக ஒரு கட்டம் வரைந்தாள். "இது நடுவுல இருக்கறவன். இந்தப் பக்கம் இவனைவிட ஒண்ணு கம்மி, அந்தப் பக்கம் ஒண்ணு ஜாஸ்தி. பெரியவன்கிட்டேருந்து ஒண்ணைப் பிடுங்கி சின்னவனுக்குக் குடுத்துட்டா மூணு பேரும் சமம். அப்ப கூடுதலை மூணால வகுத்தா நடுவுல இருக்கறவன் அகப்பட்டுக்குவான்." எழுபத்திரண்டை மூன்றால் வகுத்தாள். இருபத்து நான்கு. இந்தப் பக்கம் இருபத்து மூன்று, அந்தப் பக்கம் இருபத்தைந்து. கூட்டிப் பார்த்தாள், எழுபத்திரண்டு. அவள் முகத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். கல்யாண போட்டோவில்கூட அக்கா அப்படி இல்லை.

அதன் பிறகு எங்கள் இருவர் தாளிலும் எக்ஸ் கிடையாது, கட்டம்தான். ஒற்றைப்படை எண்கள் என்று வந்தால் இரண்டிரண்டாகத் தள்ள வேண்டும் என்பதும் தெரிந்தது. நான்கு எண்கள் வந்தபோது நடுவில் ஆள் இல்லாமல் அக்கா கொஞ்சம் தடுமாறினாள், பிறகு நடுவில் ஒரு சுவர் எழுப்பிச் சமாளித்தாள். வேலையும் வீடும் போக மிச்சமிருந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் கண்டுபிடித்தது அத்தனையும். நான் பார்த்து எழுதிக்கொண்டேன். பார்த்து எழுதினேன் என்றால், சாப்பாட்டு மேசையில், அவள் தாளை அவளே என் பக்கம் தள்ளியபோது.

தேர்வன்று எங்களுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. காலையில் சுற்றை முடித்துவிட்டுப் பையோடு நேராகத் தேர்வுக்கூடத்துக்கு ஓடினோம். அவள் நொண்டிக்கொண்டே ஓடினாள். எண் வரிசைப்படி நான் முன் இருக்கையில், அவள் என் முதுகுக்குப் பின்னால். கால் இரண்டும் இன்னும் தெருவிலேயே நடந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது. பதினாறாம் கேள்வி இது: அடுத்தடுத்த மூன்று முழு எண்களின் கூடுதல் 147. அவற்றில் மிகப் பெரிய எண் எது?

எழுதி முடித்து வெளியே வந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கட்டம் வந்திருந்துச்சு பாத்தியா," என்றாள். என்ன விடை என்று நான் கேட்கவில்லை. பரீட்சை எழுதிய பிறகு விடையைப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

ஒரு மாதம் கழித்துத் தேர்ச்சிப் பட்டியல் வந்தது. தேர்ச்சிக்கு நாற்பது மதிப்பெண். நான் நாற்பத்திரண்டு, எப்படி வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. அக்கா எழுபத்தொன்று. ஆனால் அவள் பெயருக்கு எதிரில் 'நிறுத்தி வைப்பு' என்று இருந்தது. மறுவாரம் இருவரையும் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அன்றைய பிரிப்பில் அந்தக் கடிதமும் அக்காவின் கட்டுக்குள்ளேதான் கிடந்தது.

அக்கா முதலில் உள்ளே போனாள். அரைமணி நேரம். வெளியே வரும்போது முகம் சிவந்திருந்தது. "என் விடை தப்புங்கறாரு. கூட்டிப் பாருங்க சார், நூத்தி நாப்பத்தேழு வருதான்னேன். அதுக்கே கோவம் வருது அந்த ஆளுக்கு," என்றாள். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

விசாரணை அதிகாரிக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே இரண்டு விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் தாளில் ஒரு கட்டம், அதற்குள் 49. இந்தப் பக்கம் 47, அந்தப் பக்கம் 51. கீழே கூட்டி 147, சரி என்று ஒரு டிக். விடை 51. அக்கா தாளிலும் அதே கட்டம், அதே 47, 49, 51, அதே டிக்.

"அடுத்தடுத்த எண்கள்னா நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்பது, அம்பது. விடை அம்பது. நானூத்திப் பன்னெண்டு பேர் எழுதினாங்கம்மா. தப்பா எழுதினவங்க நிறைய. ஆனா இந்தத் தப்பு உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் வந்திருக்கு. அடுத்தடுத்த நம்பர், முன்னாலயும் பின்னாலயும் உக்காந்திருக்கீங்க," என்றார்.

எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. தலையில் யாரோ ஒரு விளக்கைப் போட்டது போல. வீட்டு மேசையில் எழுபத்திரண்டுக்கு இருபத்து மூன்று, இருபத்தைந்து என்று சரியாகத்தான் எழுதினோம். தேர்வன்று நேராகத் தெருவிலிருந்து வந்து உட்கார்ந்தோம். நாற்பத்தொன்பதுக்கு அடுத்த வீடு எது? ஐம்பத்தொன்று. முந்திய வீடு நாற்பத்தேழு. அக்காவுக்கு அது அவள் பக்கம். என் பக்கத்தில் நாற்பத்தொன்பது கிடையாது, ஆனால் பழக்கம் பக்கம் பார்க்குமா? எனக்கும் அடுத்தது என்றால் ஒன்றைத் தாண்டித்தான். போதாக்குறைக்குக் கூட்டினால் கணக்கு சரியாக வந்து தொலைத்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு சாலையின் இரண்டு பக்கமும் பதின்மூன்று வருடம் நடந்த இரண்டு பேருக்குத் தவிர வேறு எவருக்கும் அந்தத் தப்பு வந்திருக்காது.

இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதிகாரி முந்திக்கொண்டார்.

"உங்க பின்னால உக்காந்தவங்க, 'நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சோம்'னு எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க சொல்லுங்க. சேர்ந்து படிச்சிருந்தா ஒரே மாதிரி தப்பு வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. அப்படின்னா ரெண்டு பேருக்கும் மறுதேர்வு வைக்கச் சொல்லி எழுதிடுவேன். வயசு பிரச்சினை வராது, இதே தேர்வாத்தான் எடுத்துக்குவாங்க."

மறுதேர்வா? நாற்பத்திரண்டு இன்னொரு தடவை வருமா? பட்டியல் வந்த அன்று என் கணவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஆசையே இல்லை என்று சொன்னேனே, அந்த ஒரு மாதத்தில் ஆசை வந்துவிட்டிருந்தது. மின்விசிறிக்குக் கீழே, நாற்காலியில், நாய் இல்லாத ஒரு வேலை.

"சேர்ந்து படிக்கலைன்னா சார்?" என்று கேட்டேன்.

"உங்க தேர்ச்சி அப்படியே இருக்கும்."

அவளுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

"நாங்க ஓரகத்திங்க சார்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எங்க வீட்டுலயும் ரெண்டு பேர் இருக்காங்க," என்றார். ஏதோ எழுதி என் பக்கம் நகர்த்தினார். 'ஒரே வீட்டில் வசித்தாலும் சேர்ந்து படிக்கும் அளவுக்கு உறவு இல்லை' என்று இருந்தது. ஊர் எங்களிடம் எதிர்பார்த்து ஏமாந்ததை ஒரே வரியில் அவருக்குக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடிக் கொடுத்தேன்.

அக்கா பெஞ்சில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சேர்ந்து படிச்சதைக் கேட்டாரா?"

"ம்."

"சொல்லிட்டேல்ல?"

"சொல்லிட்டேங்க்கா."

"அப்ப சரியாப் போயிடும், விடு," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முட்டி 'டக்' என்றது.

சரியாகப் போகவில்லை. பின்வரிசையில் இருந்தவர் முன்வரிசைத் தாளைப் பார்த்து எழுதியதாக முடிவு செய்யப்படுகிறது என்று உத்தரவு வந்தது. தேர்வு ரத்து, இனி எழுதவும் தடை. எழுபத்தொன்று வாங்கியவள் நாற்பத்திரண்டு வாங்கியவளைப் பார்த்து எழுதினாளாம். அதுவும் இருவருக்கும் பூஜ்யம் கிடைத்த ஒரு கணக்குக்கு. கேட்டால் கழுதைகூடச் சிரிக்கும். அலுவலகத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. 'ஒத்தை காப்பி அடிச்சாளாமே' என்று இரண்டு நாள் பேசினார்கள், பிறகு வேறு பேச்சு கிடைத்தது.

நான் கொதித்த கொதிப்பு எல்லாம் அந்த அதிகாரி மேல், மேற்பார்வையாளர் மேல், வினாத்தாள் தயாரித்தவன் மேல். வீட்டில் பாத்திரங்களை நங்கென்று வைத்தேன். அக்கா என்னைச் சமாதானப்படுத்தினாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு போர்வையின் இரண்டு முனை அவள் கையில், இரண்டு முனை என் கையில்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். "நீயும் சேர்ந்து படிச்சோம்னு சொன்னே. நானும் சொன்னேன். ரெண்டு பேர் சொன்னதுக்கு அப்புறமும் இப்படி எழுதியிருக்காங்கன்னா சும்மா எழுதுவாங்களா? யோசிச்சுப் பாத்தேன். வீட்டுல நான் ஒரு தடவைகூட அப்படித் தப்பா போட்டதில்ல. அன்னைக்கு ரெண்டு மூணு வாட்டி தலையைத் தூக்கினது ஞாபகம் இருக்கு. உன் முழங்கை தெரிஞ்சுது. என் கண்ணு உன் தாள் மேல போயிருக்கும்டி. எனக்கே தெரியாம பாத்து எழுதிட்டேன் போல. உன் தேர்ச்சியும் போயிருக்கும் என்னால. மன்னிச்சுடு."

போர்வையின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். உத்தரவு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது, மேல்முறையீட்டுக்கு ஒரு மாத காலம் இருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா," என்று சொல்லி என் முனையை அவள் முனையோடு சேர்த்தேன்.

மேசைக்குப் போனேன். மின்விசிறி, நாற்காலி, நாய் கிடையாது. இரட்டைப்படைப் பக்கத்துக்கு வேறு ஒரு பெண் வந்தாள். தினமும் காலை அக்காவின் கட்டைப் பிரித்துப் போடுவது நான்தான். கனமான பொட்டலங்களையும் தடிப்புத்தகங்களையும் மற்றவர்கள் கட்டில் ஒளித்து வைத்தேன். படி அதிகமுள்ள வீடுகளின் விளம்பரத் தாள்களை இரண்டு நாள் தாமதித்தேன். பெரிய பரிகாரம். இரண்டு மாதத்தில் மேற்பார்வையாளர் கண்டுபிடித்து, "இன்னொரு தடவை பண்ணினா நீயும் தெருவுக்குத்தான்," என்றார். அன்றோடு நிறுத்திவிட்டேன். நான் எவ்வளவு தைரியசாலி என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"நேத்துவரைக்கும் பை லேசா இருந்துச்சு, உன் வேலைன்னு எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா மறுநாள், பையை மாட்டிக்கொண்டே. "என்னால நீ பேச்சு வாங்காதே."

அந்தப் படிகளை அவள் இன்னும் ஆறு வருடம் ஏறினாள். முதலில் முட்டிக்கு ஒரு பட்டை. பிறகு ஒரு தடி. தடியும் பையும் கடிதமும் என்று இரண்டு கைக்கு மூன்று வேலை. படியில் பக்கவாட்டாக ஏறக் கற்றுக்கொண்டாள், வலது காலை இழுத்து இழுத்து. சிலர் படிக்குக் கீழேயே ஒரு பெட்டி வைத்தார்கள் அவளுக்காக. பெரும்பாலானவர்கள் வைக்கவில்லை. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்க எப்படியும் ஏறித்தானே ஆக வேண்டும். ஏழாம் வருடம் மழைக்காலத்தில், ஒரு வீட்டின் மேல்படியில் கையெழுத்து வாங்கிவிட்டுத் திரும்பியவள், கீழ்ப்படியில் வந்து விழுந்தாள். எனக்குப் பதிலாக எதிர்ப்பக்கத்துக்கு வந்த பெண் சாலையைக் கடந்து வருவதற்கு இரண்டு நிமிடம் ஆனதாம், அவ்வளவு வண்டி. எலும்பைப் பொருத்தினார்கள். நடை பொருந்தவில்லை. மருத்துவக் காரணத்தால் பணியிலிருந்து விடுவிப்பு என்று ஒரு தாள் வந்தது. மாடிப்படி ஏற முடியாது என்பதால் அவர்கள் கீழ்வீட்டுக்கு வந்தார்கள், நாங்கள் மாடிக்குப் போனோம். ஜன்னலோரம் ஒரு கட்டில் போட்டு அதிலேயே அவள் நாள் கழிந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம் சொல்லிவிட்டேன். அவள் கால்விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். எந்த முன்னேற்பாடும் இல்லை, வாயில் வந்துவிட்டது. அதிகாரி கேட்டது, மறுதேர்வு என்றது, நான் சொன்னது, போட்ட கையெழுத்து. பெஞ்சில் அவளிடம் சொன்ன பொய். பிறகு அந்த எண்களைச் சொன்னேன். "நீங்க என் தாளைப் பாக்கவே இல்லக்கா. உங்க பக்கத்துல நாப்பத்தொம்பதுக்கு அடுத்த வீடு எது? அம்பத்தொண்ணு. காலையில அந்த வீட்டுக்குப் போட்டுட்டுத்தானே பரீட்சைக்கு வந்தீங்க. அதைத்தான் எழுதினீங்க. நானும் அப்படித்தான். எனக்கு அன்னைக்கே தெரியும். அந்த ரூம்லயே தெரியும்."

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"எத்தனை நாளா உக்காந்து யோசிச்சே இதை?" என்றாள்.

"யோசிக்கலக்கா. நிஜம்."

"வீட்டு நம்பரை வெச்சுக் கணக்கு கட்டியிருக்கே பாரு. நல்லாத்தான் இருக்கு. நான் இப்படிக் கிடக்கறதைப் பாத்துட்டு உனக்கு மனசு கேக்கல. பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கறே."

"அக்கா, நான் சத்தியமா சொல்றேன். சேர்ந்து படிக்கலைன்னு கையெழுத்துப் போட்டேன்."

"போடுவியா நீ?" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நான் பாத்து எழுதினவதாண்டி. அதை ஒத்துக்கிட்டு எவ்வளவோ வருஷம் ஆச்சு. முதல்ல ராத்திரி தூக்கம் வராது. தப்பு பண்ணினோம், அனுபவிக்கறோம்னு ஒரு கணக்குக்கு வந்த அப்புறம்தான் இந்த வலியைப் பொறுத்துக்க முடிஞ்சுது. இப்ப வந்து அதைக் கலைக்காதே."

நான் அழுதேன். அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். உத்தரவை மாற்ற முடியாவிட்டாலும் அவள் பெயரிலிருந்து 'பார்த்து எழுதியவள்' என்ற வார்த்தையையாவது எடுக்கச் சொல்லப் போவதாகச் சொன்னேன். அக்கா பதறிப்போய்த் தலையணையிலிருந்து எழப் பார்த்தாள், முடியவில்லை.

"எழுதித் தொலைக்காதே. உன் வேலை போயிடும். இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதே, சின்னவளே. நிஜம்னு நம்பிடுவாங்க. உன்னைத் தப்பா நினைப்பாங்க. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொல்லும்வரை கையை விடவில்லை.

"சரிக்கா," என்றேன்.